ஐம்பதா, எழுபத்தைந்தா?

1983-ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். காரைக்காலில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்க்கூடத்தில், ஒரு வால்வு ரேடியோவைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டு, முள் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் தேதியில் நான் தவற மாட்டேன். தவறியது வேறு இடத்தில். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருநள்ளாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, டவுனில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வீட்டுக்கார அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்த ஜனவரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான்.

டீச்சருக்கு ஒரே அண்ணன். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கே ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தார். கடைசியாக ஊருக்கு வந்தது 1969-இல், அம்மாவின் அடக்கத்துக்கு. அதற்கப்புறம் கடிதம்தான். மாதம் ஒன்று தவறாமல் வரும். மார்ச் பதினாலாம் தேதி வந்த கடிதத்தில், ஈஸ்டர் அன்று மாலை இலங்கைத் தொலைக்காட்சியில் என் பாடகர் குழு பாடப்போகிறது, நான் ஆர்மோனியம் வாசிக்கிறேன், உங்கள் கரையில் படம் தெரிகிறதாமே, முடிந்தால் பார் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை டீச்சர் என்னிடம் காட்டியபோது முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இது அண்ணன் கையெழுத்தே இல்ல தம்பி. மூணு கடுதாசியா வேற யாரோ எழுதுறாங்க. கேட்டா விரல் வலின்னு வருது. விரல் வலிக்கிறவரு எப்படி ஆர்மோனியம் வாசிப்பாரு?"

"வயசாச்சுல்ல டீச்சர். எழுத அலுப்பா இருக்கும்."

"அவருக்கா? துணிக்கடை ரசீதுக்குப் பின்னால கூட எனக்கு எழுதுவாரு. எதையோ மறைக்கிறாரு. ஒரு தடவை கண்ணால பாத்தேன்னா தெரிஞ்சுடும்."

அவரால் கப்பலேற முடியாது. கட்டிலை விட்டே இறங்க முடியாது. அண்ணனைப் பார்க்க இருந்த ஒரே வழி, ஈஸ்டர் மாலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். எப்படியும் காட்டிவிடுகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன். ரேடியோ, டெலிவிஷன் பற்றி நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்தவன் என்ற தைரியம்.

எங்கள் தெருமுனையில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் வயதுதான். டீச்சரிடம் படித்த பையன்களில் ஒருவர். மாதா கோயிலில் ஒலிபெருக்கி கட்டுவதும் அவர்தான். கடையில் விற்பனைக்கு வந்திருந்த பழைய கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் டீச்சர் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அலுமினியக் குழாயில் ஆன்டெனா செய்து, மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் நாற்பதடி பைப்பில் ஏற்றினார். எல்லோரும் போடுவது போலப் பட்டை வயரை இழுத்துக் கீழே கொண்டுவந்தோம். வயர் கரண்டுக் கம்பியை ஒட்டி வரவேண்டியிருந்தது. படம் வந்தது. ஆனால் மழைத்தூறலுக்குள் ஆட்கள் நடமாடுவது போல இருந்தது. யார் முகமும் தெரியவில்லை.

இதற்கு மருந்து, உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதன்மேல் செம்பு வலை, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் தோல் என்று இருக்கும் உருண்டைக் கேபிள். வெளித் தொந்தரவு அதற்குள் நுழையாது. காரைக்காலில் எந்தக் கடையிலும் இல்லை. நாகப்பட்டினத்திலும் தீர்ந்துபோயிருந்தது. மார்ச் இருபத்தாறாம் தேதி மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கப்பல் சாமான் ஏலம் எடுப்பவர் ஒருவரிடம் வாங்கியதாம். ஏறக்குறைய இருபத்தைந்து பாகம், அதாவது நூற்றைம்பது அடி நீளம். முழு நீளத்துக்கும் ஓர் எழுத்துகூட அச்சடிக்கப்படவில்லை.

நான் அங்கேதான் குறுக்கே விழுந்தேன். இந்தக் கேபிள்களில் ஐம்பது ஓம், எழுபத்தைந்து ஓம் என்று இரண்டு சாதி உண்டு. டி.வி.க்கு எழுபத்தைந்து. கப்பல் வயர்லெஸுக்குப் பெரும்பாலும் ஐம்பது. பொருந்தாத கேபிளைப் போட்டால் சிக்னல் முட்டித் திரும்பி, படத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஆள் நிற்பான் என்று படித்திருந்தேன்.

"சார், கேபிள்னா கேபிள்தான் சார். கட்டிட்டுப் பாப்போம்" என்றார் மெக்கானிக்.

"என்ன ஓம்னு தெரியாம கட்டக் கூடாது."

"அவ்வளவுதானே" என்று மல்டிமீட்டரை எடுத்து உள்கம்பியிலும் செம்பு வலையிலும் வைத்தார். முள் அசையவில்லை. "எழுபத்தஞ்சும் இல்ல, அம்பதும் இல்ல. ஒண்ணுமே இல்லாத சாதியா இருக்கு."

அது மீட்டரில் அளக்கிற தடை இல்லை, கேபிளின் தடிமனும் உள்ளே இருக்கும் பொருளும் சேர்ந்து தருகிற குணம் என்று அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே அளந்து சொல்லுங்க" என்று மூன்று முழத் துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நண்பரிடம் ஸ்க்ரூ கேஜ் வாங்கிவந்து, உள்கம்பியின் குறுக்களவையும் வெள்ளை உறையின் குறுக்களவையும் மும்மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். வெள்ளை உறை பாலிதீன். அதற்கு உரிய எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்து, மடக்கை அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். விடை ஐம்பத்தொன்பது. அப்படி ஒரு கேபிளே கிடையாது. அளப்பதில் ஏதோ பிசகு இருக்கும், பக்கத்தில் இருக்கும் எண் ஐம்பதுதான், அதுவும் கப்பல் சாமான் என்று முடிவுகட்டி, "50 ஓம். டி.வி.க்கு உதவாது" என்று நோட்டில் மையால் எழுதி, கீழே தேதியும் போட்டேன். மெக்கானிக்கிடமும் சொல்லிவிட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. சென்னையிலிருந்து வரும் லாரியில் நல்ல கேபிள் சொல்லிவிட்டிருப்பதாகச் சொன்னார்.

லாரி வந்தது. கேபிள் வரவில்லை. அன்றைக்குப் பெரிய வெள்ளி. எல்லாக் கடைகளும் மூடியிருந்தன.

மத்தியானம் கோயில் சடங்குகள் முடிந்து, மெக்கானிக் வெள்ளை வேட்டியோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"முதல்ல ஒண்ணு கொண்டாந்தானே, அது ஏன் ஆகாதுன்னீங்க?"

நான் மாடிக்குப் போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"இங்க அம்பத்தொம்போதுன்னு வந்திருக்கு. கீழ அம்பதுன்னு எழுதியிருக்கீங்க. ஒம்போது எங்க போச்சு?"

"அது... பக்கத்துல இருக்கிற எண்ணு அதுதான் டீச்சர்."

"ஒரு பொண்ணுக்கு இடுப்பு இருவத்தொம்போதுன்னு அளந்துட்டு, இருவதுன்னு துணிய வெட்டுவீங்களா?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. ஆனாலும் டீச்சர் சிரிக்கவில்லை. வேறு விதமாக அளக்க வழியே இல்லையா என்றுதான் கேட்டார்.

வழி இருந்தது. அதுவும் புத்தகத்தில் இருந்தது. கேபிள் என்பது ஒருவகையில் நீளமான கண்டன்சர், அதாவது மின்தேக்கி. ஒரு மீட்டர் ஐம்பது ஓம் கேபிள், நூறு பிக்கோஃபாரட் கண்டன்சருக்குச் சமம். எழுபத்தைந்து ஓம் என்றால் அறுபத்தேழு, அல்லது அதற்கும் கீழே. ஆனால் அதை அளக்கும் கருவி கல்லூரியில்தான் உண்டு. கல்லூரி பூட்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு நான் கையை விரித்தேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கருவி எதுக்கு? எங்கிட்ட நம்பர் அழிஞ்ச கண்டன்சர் வந்தா, ரேடியோவுல ட்யூன் பண்ற இடத்துல சேர்த்து, முள்ளு எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு பாப்பேன். அப்புறம் நம்பர் தெரிஞ்சதை ஒண்ணொண்ணா மாத்திப் போட்டா, எதுக்கு அதே இடத்துல ஸ்டேஷன் வருதோ அதான் இது. ஆனா கடையில இருக்கிற ரேடியோல முள்ளே ஆடுது."

டீச்சர் தலைமாட்டு ரேடியோவைக் காட்டினார். "இது ஆடாது."

ஆடாதுதான். அந்த ரேடியோவின் கண்ணாடியில், இலங்கைத் தமிழ் நிலையம் வரும் இடத்தில் ஒரு சிவப்பு நூலை மேலிருந்து கீழாக இழுத்து ஒட்டியிருந்தார். திருச்சிக்குப் பச்சை நூல். நூல்தான் நிஜமான அளவு, பென்சில் கோடு தடிமன் என்பார். எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் முள் அதற்குரிய நூலுக்குப் பின்னால் போய் மறைந்து நிற்கும்படி வைக்கிற பழக்கம் அவருக்கு.

"அப்ப வாங்க, இப்பவே பாத்துடலாம்" என்று நான் எழுந்தேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய வியாழன் மாலையிலிருந்து, ஈஸ்டர் பூசையில் மணி அடிக்கும் வரைக்கும் அந்த வீட்டில் ரேடியோ பாடக் கூடாது. டீச்சரின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஈஸ்டர் பூசை மணிக்குக் காத்திருந்தால் அப்புறம் வேறு கேபிள் தேட நேரம் இருக்காது. டீச்சர் யோசித்தார்.

"இன்னிக்கு வேண்டாம். ஆண்டவர் மரிச்ச நாளு. நாளைக்குக் காலையில பண்ணுவோம். ஆனா பாட்டு கேக்கக் கூடாது."

"சத்தம் இல்லாம ஸ்டேஷன் வந்துதான்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்றேன்.

"பச்சைக் கண்ணு இருக்குல்ல" என்றார் மெக்கானிக். அந்தக் காலத்து வால்வு ரேடியோக்களில், நிலையம் சரியாகப் பிடித்தால் சுருங்குகிற ஒரு பச்சை விளக்கு இருக்கும். "அது எந்த ஸ்டேஷன்னு தெரியறதுக்கு மட்டும் ஒரு இணுக்கு சத்தம் வச்சுக்கலாம். இல்லியா டீச்சர்?"

"பேசுனா கேக்கலாம். பாடுனா உடனே மூடிடணும்."

அப்படித்தான் சனிக்கிழமை காலை அந்தக் காட்சி. மெக்கானிக் ரேடியோவின் முதுகைக் கழற்றி, என் துண்டிலிருந்து சரியாக ஒரு மீட்டரை வெட்டிப் பற்றவைத்தார். நான் திருகினேன். சிவப்பு நூலை விட்டு வெகுதூரம் வலப்பக்கம் போனபிறகுதான் பச்சைக் கண் சுருங்கியது. இலங்கைதானா என்று பார்க்கச் சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டினோம். சினிமாப் பாட்டு. டீச்சர் கையை உயர்த்தினார், மூடினோம். கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தபோது அறிவிப்பாளர் நேரம் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். அவர் சொல்லித் தந்தபடி, முள் நின்ற இடத்தில் நான் ஒரு வெள்ளை நூலை எச்சில் தொட்டு ஒட்டினேன். கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்து, "கீழ் நுனி சாயுது தம்பி" என்று திருத்தினார்.

கேபிளை எடுத்துவிட்டு நூறு பிக்கோஃபாரட் கண்டன்சரை வைத்தோம். என் கணக்கு சரியென்றால் முள் வெள்ளை நூலுக்கு வரவேண்டும். வரவில்லை. அதைத் தாண்டி வலது ஓரத்துக்கே போய்விட்டது. அறுபத்தெட்டைப் போட்டோம். வெள்ளை நூலுக்குக் கொஞ்சம் வலப்பக்கம். பெட்டியில் அதற்கடுத்தது ஐம்பத்தாறு. பச்சைக் கண் சுருங்கியபோது முள் கண்ணுக்குத் தெரியவில்லை. நூலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஐம்பது ஓம் இல்லவே இல்லை. நான் மிச்சமிருந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெள்ளை உறையைப் பிளேடால் குறுக்கே சீவிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அதை நிஜமாகவே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆப்பத்தின் நடுவில் இருப்பது போலப் பொடிப்பொடியாய்த் துளைகள். கெட்டிப் பாலிதீன் இல்லை, காற்றடைத்த பாலிதீன். நான் கணக்கில் போட்ட எண் கெட்டிப் பொருளுக்கு உரியது. காற்றடைத்த பாலிதீனுக்கு உரிய எண்ணைப் போட்டதும் ஐம்பத்தொன்பது எழுபத்தைந்தாக மாறியது. அளவுகள் மூன்று தடவையும் சரியாகவே இருந்தன. அளந்த பொருள் என்ன என்று பார்க்காததுதான் குற்றம்.

"டீச்சர், இது எழுபத்தஞ்சு. டி.வி. கேபிளேதான்."

"நல்லது. கொண்டாந்து கட்டுங்க."

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "அதை கிளிஞ்சல்மேட்டுல ஒரு படகுக்காரருக்குக் குடுத்துட்டேன் டீச்சர். புதன்கிழமை. சார் ஆகாதுன்னு சொன்னாருல்ல. தண்ணியில இத்துப்போகாத கயிறு வேணும்னாரு."

இரண்டு சைக்கிளில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது குறை சொல்வதைவிட மோசமாக இருந்தது. மணலில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில், அந்தப் படகுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சுருள் பக்கத்திலேயே கிடந்தது. நாங்கள் மூச்சு வாங்கச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புதன்கிழமை கயிறுன்னு குடுத்தீங்க. இப்ப டி.வி. வயருங்கிறீங்க. திங்கக்கிழமை வந்து வேற என்னான்னு சொல்லுவீங்க?"

"தப்பு என்னோடதுதாண்ணே" என்றேன்.

"ரெண்டு பாகம் வெட்டி நங்கூரத்துக்குக் கட்டிட்டேன். அது வராது. மிச்சத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்கு அந்த அம்மாவோட அண்ணன் தெரிஞ்சாருன்னா வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்த இரண்டு பாகம் குறைந்ததால் கேபிள் டீச்சரின் கட்டில் வரை எட்டவில்லை. டி.வி.யை ஜன்னலோரம் வைத்து, நாங்கள் இருவரும் கட்டிலைத் தூக்கி அதன் முன்னால் போட்டோம்.

ஞாயிறு மாலை கடல் பக்கம் காற்றே இல்லை. அப்படிப்பட்ட நாளில்தான் அக்கரைப் படம் நன்றாக வரும். ஆறரை மணிக்கு அறிவிப்பாளர் பெண்ணின் காதுத் தோடுகூடத் தெரிந்தது. நிழல் இல்லை, தூறல் இல்லை. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் வெள்ளை உடையில் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஒருவர்.

"அண்ணன்" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

பாட்டு நன்றாக இருந்தது. நானும் மெக்கானிக்கும் படத்தின் தெளிவைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். டீச்சர் எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். பாட்டு முடியும்வரை அவர் தன் அண்ணனின் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"வலது கை மடியில கெடக்குது பாத்தீங்களா?" என்றார். "இடது கையாலதான் வாசிக்கிறாரு. பக்கத்துல நிக்கிற பொண்ணுதான் துருத்தியை அழுத்துது."

நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு பேரும் படம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தோம். அவர் அண்ணனைப் பார்த்தார்.

அழவில்லை. எழுதும் அட்டையைக் கேட்டு வாங்கி அப்போதே கடிதம் எழுதினார். மறுநாள் தபாலில் சேர்க்கச் சொல்லி மடிக்காமல் என்னிடம் தந்ததால் படித்தேன். "அண்ணே, படம் தெளிவாக வந்தது. வலது கையைப் பார்த்துவிட்டேன். இனி அடுத்தவர் கையால் எனக்கு எழுத வேண்டாம். இடது கையால் எழுதுங்கள். கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுந்து தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறோம். முடியாமல் இருப்பதை ஒரே வீட்டில் இருந்து செய்யலாம். வாருங்கள்."

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. நாலே வரி. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. டீச்சர் அதை நாள் முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். ஜூன் மாதம் அண்ணனே வந்தார். ராமேஸ்வரத்துக்கு நானும் மெக்கானிக்கும் போய் அழைத்துவந்தோம். கிளிஞ்சல்மேட்டுக்காரர் பெரிய வஞ்சிர மீன் ஒன்றோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் கொழும்பில் தமிழர்களுக்கு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். அதையும் இந்தக் கேபிளையும் முடிச்சுப்போட்டு டீச்சர் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் போட மாட்டேன். அது என் அளவுக்கு மீறிய கணக்கு.

பல வருடம் கழித்து ஒரு பொறியாளரிடம் இதைச் சொன்னேன். ஐம்பது ஓம் கேபிளாகவே இருந்திருந்தாலும் படம் வந்திருக்கும், கொஞ்சம் நிழல் விழுந்திருக்கலாம், அவ்வளவுதான் என்று சிரித்தார். அதாவது, நான் தெரியாமல் தடுத்தது மட்டுமல்ல, தடுத்திருக்கவே தேவையில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்சம் நிழல் அந்த மடியில் கிடந்த கையின்மேல் விழுந்திருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இன்றும் ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றும்போதெல்லாம், நான் சொல்லப்போகும் முடிவுக்காகக் காத்துக்கொண்டு ஒருவர் கட்டிலில் படுத்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.